வேண்டாத பக்கத்தை நிழற்று

பேரின்பநாதனுக்கு ஊரில் கணக்குக்கு அதிவிசேட சித்தி கிடைத்த விஷயம் செயின்ட்-மிஷேலில் தெரியாதவர்கள், புதிதாக வந்திறங்கியவர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் தெரியவரக் கனநாள் எடுக்காது. பழைய மாணவர் சங்கத்தின் மொன்றியல் கிளைக்கு அவர்தான் தலைவர். மைக்கைப் பிடித்தால் சோறு ஆறிப்போகும் வரைக்கும் விடமாட்டார்.

அப்பேர்ப்பட்டவரின் மனைவி வளர்ந்தோர் பள்ளிக்குக் கணக்குப் படிக்கப் போவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நிரோஜாவுக்கோ வேறு வழியில்லை. தாதிப் பயிற்சியில் சேர அந்தப் பாடம் சித்தியடைய வேண்டும். இல்லாவிட்டால் முதியோர் இல்லத்தின் நிலக்கீழ் அறையில் படுக்கைவிரிப்புத் தோய்ப்பதோடு சரி.

சோதனைக்கு முதல்நாள் பின்னேரம், குசினி மேசையில் வரைபுத்தாளில் சமனிலிக் கணக்குகள் செய்துகொண்டிருந்தாள். ஒரு கோடு கீறினாள். பூச்சியம், பூச்சியம் என்ற புள்ளியைப் போட்டுப் பார்த்தாள், பொருந்தியது. அந்தப் பக்கத்தைப் பென்சிலால் நிழற்றினாள். அடுத்த கோட்டுக்கும் அப்படியே. இரண்டு நிழலும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிற இடம்தான் விடை. எல்லா நிபந்தனைக்கும் ஒரே நேரத்தில் ஒத்துவருகிற இடம். அப்படியும் ஓர் இடம் இருக்கிறது என்பதே அவளுக்குப் பிடித்திருந்தது.

பேரின்பநாதன் தேத்தண்ணியோடு எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா இது? சரியான பக்கத்தைப் போய்க் கறுப்பாக்கி வச்சிருக்கிறீர்!"

"வகுப்பில மதாம் இப்பிடித்தானே படிப்பிச்சவ."

"மதாமுக்கு என்ன தெரியும்? கல்குலேட்டர் இல்லாட்டி ஏழும் எட்டும் கூட்டத் தெரியாத சனம். எங்கட மாஸ்டர் சொன்னது, வேண்டாத பக்கத்தை நிழற்றித் தள்ளு. மிஞ்சிற வெள்ளைதான் விடை. எவ்வளவு துப்பரவு, பாரும்!"

"கேள்வியில விடையை நிழற்றச் சொல்லியெல்லோ கிடக்கு..."

"நான் கணக்கில அதிவிசேடம். நீர்?"

நிரோஜா அழிறப்பரை எடுத்தாள்.

சோதனை மண்டபத்தில் முதலில் மதாம் சொன்னபடிதான் நிழற்றினாள். பிறகு அந்த "நீர்?" காதுக்குள் கேட்டது. அழித்துவிட்டு, எல்லாவற்றையும் மாற்றி நிழற்றினாள்.

மதாம் விடைத்தாளை நீட்டும்போது குரலைத் தாழ்த்திப் பிரெஞ்சில் கேட்டார்: "கோடெல்லாம் சரி, நிரோஜா. விடையை மட்டும் விட்டுவிட்டு ஏன் மற்ற எல்லாவற்றையும் நிழற்றினாய்?" கேள்வி தெளிவாகவே இருந்ததால் அவராலும் புள்ளி போட முடியவில்லை. திரும்ப எழுதலாம். அதற்குள் தாதிப் பயிற்சிக்கான அனுமதி முடிந்துவிடும்.

பேரின்பநாதன் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "கேள்வியை வாசிக்கேல்லையோ? முதல்ல கேள்வியை வாசிக்கோணும், நிரோஜா. அது அடிப்படை."

அடுத்த ஞாயிறு புரோசார்டில் சங்கத்தின் மதிய விருந்து. செயலாளர் அருமைராசாவின் மனைவி பிரியந்தியும் அதே வகுப்பில் சேரப் போகிறாளாம். தலைவர் உடனே பேனாவை எடுத்தார்.

"வாரும் பிரியந்தி, ஒரு நிமிச வேலை. இவவுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தனான். என்ன செய்யிறது, படிப்பு எல்லாருக்கும் ஏறாதுதானே."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அருமைராசா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார். நிரோஜா கோப்பையில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள்.

"நல்லாப் படிப்பிப்பார், பிரியந்தி. வடிவாக் கேட்டுக்கொள்ளும். எங்கட இல்லத்தில விரிப்புத் தோய்க்க இன்னொராளும் தேடுகினம்."

சிரிப்பு நின்றது. பிரியந்தி நிரோஜாவைப் பார்த்தாள். பிறகு கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பேரின்பநாதனுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. கடதாசித் துவாயில் வரைபின் அச்சுக்களையும் ஒரு கோட்டையும் கீறி முடித்து, வேண்டாத பக்கத்தை நிழற்றத் தொடங்கியிருந்தார்.