கம்பியில் தொங்காத தாராக்கள்

சனிக்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளைக்காரத் துரை, செத்த காட்டுத் தாராக்களைக் கொழும்பு கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ மேசையில் குவித்துவிட்டுக் கட்டளையும் போட்டுவிட்டுப் போனார். காட்டு வாத்துகள், அவரே சுட்டவை. சிறகை விரித்து, மெல்லிய கம்பியில் கட்டி, வானம் தீட்டிய திரைக்கு முன்னால் தொங்கவிட்டுப் படம் எடுக்க வேண்டும். பறக்கும் தாராக்கள் என்று அவர் பெயரில் கண்காட்சிக்குப் போகுமாம். திங்கள் காலை படம் வேண்டும்.

"செத்ததைப் பறக்க வைக்க நான் என்ன மந்திரவாதியே?" என்றாள் ஐறீன். அந்த ஸ்டூடியோவில் படம் பிடிப்பவள் அவள்தான்.

முதலாளி யேசுரட்ணம் கையைப் பிசைந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் துரைமாரைக் கண்டால் முதுகெலும்பைக் கழற்றி வைத்துவிடுவார். "எடுத்துக் குடும் பிள்ளை. ஏலாதெண்டால் திங்கள் தொடக்கம் வேற வேலை பாரும்."

பெண்பிள்ளைக்குக் கமரா எதற்கு என்ற எத்தனை வாய்களை அடைத்துவிட்டு அவள் அங்கே வந்தவள்! இப்போது பொய்ப்படம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும். தாராக்களைச் சாக்கில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு கோயில் மணி அடிக்கும்போது அவள் பூசையில் இல்லை. மட்டக்குளிக்கு அப்பால், ஆற்றோரச் சதுப்பில், கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றாள். கையில் சொந்தக் கமரா. தாரா காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். அதனால் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு காத்திருந்தாள். அட்டை கடித்தது. முதலில் எழும்பிய கூட்டம் கமராவைத் தூக்குவதற்குள் மறைந்துவிட்டது. தாராக்களைத் திட்டினாள், துரையையும் திட்டினாள். வெயில் ஏறியபின் இன்னொரு கூட்டம் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு நேரே அவள் முகத்துக்கு வந்தது. கமராப் பொத்தானை அமத்தினாள்.

திங்கள் காலை துரை படத்தைப் பார்த்து முகம் சுளித்தார். "சிறகு கலங்கியிருக்கிறதே?"

"பறந்தது, சேர். அதுதான்," என்றாள் இங்கிலீஷில்.

"என்னுடைய தாராக்கள் எங்கே?"

"கறி வைத்துவிட்டேன். மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போட்டு. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீடுமே சாப்பிட்டது."

யேசுரட்ணம் கதிரையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். துரையின் முகம் சிவந்தது. ஆனால் படத்தை மேசையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "சரி, இதையே என் பெயரில் அனுப்புங்கள்," என்றார்.

ஐறீன் அவர் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டாள். "சேற்றில் நின்றது நான். அட்டை கடித்ததும் என்னைத்தான். என் பெயர் போட்டால் தருகிறேன்."

"இந்தப் பெண்ணை வெளியே அனுப்பு!"

"ஐறீன், மன்னிப்புக் கேளும் பிள்ளை," என்று கெஞ்சினார் யேசுரட்ணம்.

"கேக்க மாட்டன் முதலாளி. நான் போறன்."

பயம் இல்லாமல் இல்லை. என்றாலும் அன்று பின்னேரமே அவள் வீட்டுக் கதவில் படம் ஏறியது. அதன் கீழே ஒரு பலகை: 'இங்கே படம் எடுக்கப்படும். உயிரோடு இருப்பவர்களை மட்டும்.'

முதலில் வந்தவர்கள் கறி சாப்பிட்ட ஒழுங்கைக்காரர். எல்லாரும் தலை வாரி, பவுடர் பூசி வந்திருந்தார்கள். ஆடாமல் நிற்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

"ஆடுங்கோ," என்றாள் ஐறீன்.