செலின் மேடம் வெளியூர் போயிருக்கிறார்

மொட்டை மாடியில் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்த அந்த போனை, மோசடிக்காரர்களின் போன் என்றுதான் செலின் முதலில் நினைத்தாள்.

"செலின் எட்மண்ட் பேசறீங்களா? ஜி.எஸ்.டி. ஆபீஸ்லேர்ந்து பேசறோம். செலின் ஸ்டீல் டிரேடர்ஸ் உங்க கம்பெனிதானே?"

"எனக்கு ஸ்டீல் கம்பெனி எதுவும் கெடையாது. வேற யாரையாவது ஏமாத்து" என்று சொல்லித் துண்டித்துவிட்டாள். இப்படிப் பேசி மிரட்டுகிறவர்களைப் பற்றி சர்ச் வாட்ஸ்ஆப் குழுவில் அடிக்கடி எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. தான் ஏமாறவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். பூந்தமல்லியிலும் நசரத்பேட்டையிலும் புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளில் மேல்தளம் ஒழுகினால் எல்லோரும் தேடுவது செலினைத்தான். தண்ணீர் இறங்காமல் மாடிக்குப் பூச்சு போடும் கான்ட்ராக்டை அவள் தனி ஆளாகத் தொடங்கி, மேஸ்திரி வேம்புலியையும் சில ஆட்களையும் வைத்து நடத்திக்கொண்டிருந்தாள். விரிசல் எங்கே ஓடுகிறது என்று ஈரச்சுவரைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். கணக்கு வழக்கு மட்டும் அவளுக்கு ஆகாது. அதற்குத்தான் சண்முகசுந்தரம் இருந்தார்.

அம்பத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய அலுவலகம். எல்லோரும் ஆடிட்டர் என்பார்கள். நெற்றி நிறைய விபூதி, அதிராத பேச்சு. ஆதார் நகல் கேட்டால் கொடுப்பாள். கையெழுத்து கேட்டால் போடுவாள். "ஒரு ஓ.டி.பி. வரும் மேடம், சொல்லுங்க" என்று போன் செய்தால், சாரத்தின் மேல் நின்றபடியே அந்த எண்களை வாசிப்பாள். "அவ்ளோதான் மேடம். இனிமே நீங்க எதுக்கும் பயப்பட வேணாம்" என்று வைத்துவிடுவார். பல வருடங்களாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஆவடியில் அவள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்களில் ஒருவர் பெண் அதிகாரி. அடையாள அட்டையைக் காட்டிவிட்டு மெதுவாகத்தான் பேசினார். செலின் பெயரில், அவளுடைய ஆதாரை வைத்து, மண்ணூர்பேட்டையில் ஓர் இரும்பு வியாபாரம் பதிவாகியிருக்கிறது. சரக்கே இல்லாமல் பில் மட்டும் போட்டுப் பெரிய அளவில் வரி ஏய்ப்பு நடந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். சம்மனை நீட்டினார். எதிர்வீட்டுக் கண்ணம்மா வாசலைப் பெருக்குவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், என்னை அரெஸ்ட் பண்ணுவீங்களா?"

"முதல்ல வந்து உண்மையைச் சொல்லுங்க" என்றார் அந்த அதிகாரி. இல்லை என்று அவர் சொல்லவில்லை.

ஜீப் திரும்பியதும் சண்முகசுந்தரத்துக்குப் போன் போட்டாள். அவர் பதறவே இல்லை. "அட, இதெல்லாம் கம்ப்யூட்டர் பண்ற கோளாறு மேடம். பயப்படாதீங்க. வெள்ளிக்கிழமை நீங்க போகவே வேணாம். நான் பாத்துக்கறேன்."

எத்தனையோ முறை அவளைத் தூங்க வைத்த வார்த்தைகள்தான். அன்று அவை அவளை உட்காரவிடவில்லை. வேலைக்குப் போனாள். சிமென்ட் கலவையைப் பார்த்தபடியே நின்றாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி கீது? ஒடம்பு செரியில்லியா?" என்றான் வேம்புலி.

"ஒண்ணுமில்ல. நீ வேலையைப் பாரு. நான் ஒரு எடத்துக்குப் போய்ட்டு வந்துடறேன்."

ஆட்டோ பிடித்து மண்ணூர்பேட்டைக்குப் போனாள். சம்மனில் இருந்த முகவரியைக் கேட்டுக் கேட்டு, லேத் பட்டறைகள் நெருக்கியடித்த ஒரு சந்துக்குள் நுழைந்தாள். இயந்திரச் சத்தத்துக்கு நடுவே பாதி திறந்த ஷட்டர் ஒன்று. அதன் மேல் நீல நிறப் பலகை. 'செலின் ஸ்டீல் டிரேடர்ஸ். உரிமையாளர்: எ. செலின்.' எழுத்துப்பிழை ஏதுமில்லாத தன் பெயரை அவள் இரண்டு முறை படித்தாள். கல்லறையில் தன் பெயரைப் படித்தால்கூட இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

உள்ளே இரும்பு என்று சொல்ல ஓர் ஆணிகூட இல்லை. ஒரு மேசை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனைத் தேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்தான்.

"யாரும்மா வோணும்?"

"செலின் மேடத்தப் பாக்கணும்" என்றாள். எப்படி அது வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"மேடம் ஊர்ல இல்லியே. வெளியூர் போய்க்கீறாங்க."

"எப்ப வருவாங்க?"

"அவுங்க வர்றது போறதெல்லாம் நம்ம கைல இல்லம்மா. நீங்க யாரு? பேர் சொல்லுங்க, வந்தா சொல்றேன்."

அவன் எழுந்து ஷட்டரை நோக்கி ஓரடி வைத்தான். "கண்ணம்மா" என்றாள். காலையில் பார்த்த முகம்தான் நாக்கில் வந்தது. "கண்ணம்மா வந்துட்டுப் போனான்னு சொல்லு." திரும்பி நடந்தாள். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு சந்திலிருந்து வெளியே வந்தாள்.

ஆட்டோ அம்பத்தூரைக்கூடத் தாண்டவில்லை. போன் அடித்தது. சண்முகசுந்தரம்.

"இன்னிக்கு மண்ணூர்பேட்டை பக்கம் யாரோ ஒரு அம்மா வந்தாங்களாம் மேடம். நீங்க இல்லியே?"

அதே அதிராத குரல். செலின் போனைக் காதில் அழுத்திக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஆட்டோ போகும் பாதை, தான் உட்கார்ந்திருக்கும் இடம் எல்லாமே அவருக்குத் தெரிகிறது போல இருந்தது.

"வீட்லயே இருங்க மேடம். நான் வர்றேன்" என்றார் அவர்.

அவர் வந்தபோது வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. கணவன் எட்மண்ட் தொழிற்பேட்டையில் பகல் ஷிஃப்ட். மகள் ரெனிதா கல்லூரிக்குப் போயிருந்தாள். சண்முகசுந்தரம் செருப்பை ஒழுங்காக ஓரத்தில் விட்டுவிட்டு உள்ளே வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, இயேசு படத்துக்குக் கீழே உட்கார்ந்தார்.

"மேடம், கோவப்படாம கேளுங்க. ஆதார் உங்களுது. கையெழுத்து உங்களுது. ஓ.டி.பி. நீங்க உங்க வாயால சொன்னது. நான் யாரு? பக்கத்துல உக்காந்து டைப் அடிக்கறவன். இதை அந்த ஆபீஸ்ல போய்ச் சொன்னா யாரை உள்ள வைப்பாங்க?"

"உங்கள நம்பித்தானே சார் எல்லாத்தையும் குடுத்தேன்?"

"அதனாலதான் நானும் உங்களைக் காப்பாத்த வந்திருக்கேன். இப்ப ஒரே ஒரு ஓ.டி.பி. வரும். சொல்லிடுங்க. கம்பெனிய மூடி, இருந்த தடமே இல்லாம பண்ணிடறேன்."

தன் போனில் ஏதோ தட்டினார். செலினின் கையிலிருந்த போன் சிணுங்கியது. ஆறு எண்கள். பூசையில் பாதிரியார் சொன்னதற்கு வாய் தானாகப் பதில் சொல்லுமே, அப்படி அவள் உதடு முதல் எண்ணைச் சொல்லத் திறந்தும்விட்டது. பற்களைக் கடித்து அடக்கினாள்.

"இது எதுக்குன்னு எனக்குப் புரியல சார்."

"இத்தனை வருஷத்துல எது புரிஞ்சுது மேடம்? சொல்லுங்க."

"புரியாம இனிமே சொல்ல மாட்டேன்."

அவர் சுவரில் இருந்த குடும்பப் படத்தைப் பார்த்தார். "ரெனிதா பாப்பா காலேஜ் பஸ் இப்பவும் அந்த சிக்னல்லதானே நிக்குது?"

போன் மறுபடி சிணுங்கியது. மறுபடியும். அவள் அதை அணைத்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"கண்ணம்மாக்கா! கண்ணம்மாக்கா, கொஞ்சம் ஓடியாயேன்!"

கண்ணம்மா கையில் கரண்டியோடு படியேறி வருவதற்குள் சண்முகசுந்தரம் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "ஒடம்பப் பாத்துக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, வந்தது போலவே நிதானமாகப் போனார்.

எட்மண்ட் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் கேட்டான். முதலில் கத்தினான். அப்புறம் முகம் வெளுத்துப்போய், "பேசாம அண்ணன் ஊட்டுக்குப் போயிடலாமா? கொஞ்ச நாள் யார் கண்ணுலயும் படாம இருந்துட்டு வரலாம்" என்றான்.

"அப்புறம் அந்தக் கடையில இருந்தவன் சொன்னது நெசமாயிடும். செலின் மேடம் வெளியூர் போயிட்டாங்கன்னு."

நசரத்பேட்டையில் அவள் மாடிக்குப் பூச்சு போட்டுக்கொடுத்த குடியிருப்பில் ஸ்வாதி என்றொரு பெண் இருந்தாள். கரூர்க்காரி. முறையாகப் படித்துத் தேர்வான ஆடிட்டர். கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஸ்வாதி முழுவதையும் கேட்டாள்.

"பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. இது பயப்பட வேண்டிய விஷயம்தான்."

என்னவோ, அதைக் கேட்டபிறகுதான் செலினுக்கு மூச்சு சரியாக வந்தது.

"ரிட்டர்ன் போடறதுக்கு முன்னாடி உங்ககிட்டக் காட்டுவாரா?"

"இல்ல."

"போட்டதுக்கு அப்புறம் அதோட நகல் குடுப்பாரா?"

"இல்ல."

"பாஸ்வேர்டு? ஈமெயில்?"

"ரெண்டும் அவர்கிட்டத்தான். எனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

"அவர் ஆடிட்டர்தானான்னு விசாரிச்சீங்களா?"

"எல்லாரும் ஆடிட்டர்னுதான் சொன்னாங்க."

"அவர்கிட்ட என்னதான்க்கா எதிர்பார்த்தீங்க?"

செலின் யோசித்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. "என்னை எதுவும் கேக்கக் கூடாதுன்னு."

ஸ்வாதி குழந்தையைக் கீழே விட்டாள். "நான் நெறைய கேப்பேன். உங்களுக்குப் புடிக்காததைச் சொல்லுவேன். வெள்ளிக்கிழமை உங்ககூட வர்றேன். ஆனா ஓ.டி.பி. குடுத்தது, படிக்காம கையெழுத்து போட்டது, எல்லாத்தையும் நீங்களே சொல்லணும். ஒண்ணை மறைச்சாலும் நான் எழுந்து வந்துடுவேன்."

வெள்ளிக்கிழமை அந்த அலுவலகத்தில் செலின் எல்லாவற்றையும் சொன்னாள். தன் முட்டாள்தனத்தைத் தானே அடுக்கிச் சொல்லச் சொல்ல, பெண் அதிகாரி எழுதிக்கொண்டே போனார். எழுதுகிற ஒவ்வொரு வரியும் தன்னைச் சுற்றி எழும்பும் சுவர் மாதிரி செலினுக்குத் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அதிகாரி பேனாவை வைத்துவிட்டு யாரையோ அழைத்துவரச் சொன்னார்.

மண்ணூர்பேட்டை ஆள் உள்ளே வந்தான். முந்தின நாளே அவனைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். இவர்தான் முதலாளி என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லச் சொல்லி அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவும் கூடும்.

"உங்க முதலாளி செலின் மேடத்தைப் பார்த்திருக்கியா?" என்றார் அதிகாரி.

"பாத்துக்கீறேன் மேடம். நல்லா ஒசரமா, கண்ணாடி போட்டுகினு இருப்பாங்க." மனப்பாடம் செய்தது போலச் சொன்னான்.

"இந்த அம்மா யாருன்னு தெரியுமா?"

அவன் செலினை உற்றுப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"தெரியும் மேடம். இவுங்க கண்ணம்மா. செலின் மேடத்தத் தேடிகினு வந்தாங்க. மேடம் ஊர்ல இல்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

ஸ்வாதி செலினின் ஆதார் அட்டையை மேசையின் மேல் நகர்த்தி வைத்தாள். அதிகாரி அதைப் பார்த்தார், செலினைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு புதிய தாளை எடுத்தார். செலினுக்கு அழுகைதான் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை. விசாரணைக்காக முடக்கிய அவளுடைய வங்கிக் கணக்கைத் திறப்பதற்குள் மழை வந்து ஓய்ந்தும்விட்டது. அதுவரை வேம்புலியும் ஆட்களும், "கூலிய அப்பால பாத்துக்கலாம்க்கா" என்று வேலைக்கு வந்தார்கள். சண்முகசுந்தரத்தைத் திருத்தணிப் பக்கம் வைத்துப் பிடித்தார்கள். பூந்தமல்லியில் ஒரு தச்சர், பட்டாபிராமில் ஒரு வெல்டர் என்று அவரை நம்பிய இன்னும் சிலரின் பெயரிலும் இதே மாதிரி கடைகள் இருந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் உண்மையிலேயே ஊரை விட்டுப் போயிருந்தார்.

மாதா மாதம் ஸ்வாதி கணக்கைச் செலினுக்கு அனுப்பி, "படிச்சுட்டுக் கூப்பிடுங்க" என்பாள். செலின் வரிக்கு வரி சந்தேகம் கேட்பாள். சில சமயம் இருவருக்கும் சண்டைகூட வரும்.

சண்முகசுந்தரம் ஜாமீனில் வெளியே வந்துவிட்டார். வழக்கில் முக்கியமான சாட்சி செலின். சாட்சி சொல்ல வரச்சொல்லி சம்மன் வந்த அன்று, கோர்ட்டில் எப்படி இருக்கும் என்று ஸ்வாதியிடம் கேட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் அவமானப்படுத்துகிற மாதிரிதான் கேட்பார், தயாராக இருங்கள் என்று அவள் ஒளிக்காமல் சொன்னாள். ரெனிதா இப்போது வேறு நிறுத்தத்தில் பஸ் ஏறுகிறாள். தெருவில் நெற்றி நிறைய விபூதியோடு யாராவது வந்தால் செலின் இன்னும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுகிறாள்.

"போகலன்னா இன்னா ஆவும்?" என்று எட்மண்ட் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"ஒண்ணும் ஆவாது. அந்தாளு வெளியிலயே இருப்பான்."

"பயமா இல்லியா உனக்கு?"

"ரொம்ப பயமா கீது."

"எனக்கும்தான்" என்றான் அவன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, அந்தத் தேதிக்கு லீவு கேட்டு சூப்பர்வைசருக்குப் போன் போட்டான்.