விளக்குக்காரிக்குக் கேட்ட குரல்கள்

அந்த வீடியோ கேமை நாலு வருஷமாகச் செய்துகொண்டிருந்தார்கள். செத்துப்போன ராஜா ஒருவனின் ஊர் அப்படியே பூமிக்குள் இறங்கிக் கிடக்கிறது. மகளை அங்கே தொலைத்த ஒருத்தி, கையில் விளக்கும் இடுப்பில் வாளுமாகப் படியிறங்கிப் போகிறாள். வழியெல்லாம் அரக்கர்கள். அரக்கர்களைவிடப் பெரிய தொல்லை, அவள் தலைக்குள் ஓயாமல் பேசும் குரல்கள். விளையாடுகிறவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அந்தக் குரல்கள் அவர் தலைக்குள்ளும் பேச வேண்டும். அதைச் செய்துதர வேண்டியவன் ஒலிக்காரன்.

அவனும் எட்டு மாதம் மாடாக உழைத்தான். துருப்பிடித்த கேட்டை இழுத்து அந்தக் கிறீச்சைப் பதிவு செய்தான். நாயின் உறுமலைத் தலைகீழாக ஓட்டினான். நாடக நடிகர்கள் நாலு பேரைத் தொண்டை கட்டும்வரை கத்தவைத்தான். பிறகு வெளியாட்கள் பன்னிரண்டு பேரை வரவழைத்து விளையாடவைத்துப் பார்த்தார்கள். மூன்றாவது கட்டத்திலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். ஒரு பெண் ஹெட்போனைக் கழற்றி வைத்து, "காது வலிக்குது, வேற ஒண்ணுமில்ல" என்றாள்.

அரக்கர்களை வரைந்தவரும் அந்த விளையாட்டை இயக்கியவரும் ஒருவரே. ஆபீசில் அவருக்குப் பேய்க்காரர் என்று பெயர். "எனக்கு பயம் வேணும்ப்பா. நீ தலைவலி குடுக்கறே" என்றார். ஒலிக்காரனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

அவன் அண்ணன் வீட்டு மாடியறையில் குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கதவைத் திறந்துபோட்டபடி அதே கத்தல்களை ஸ்பீக்கரில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். துவைத்த போர்வையைக் கொடுக்க வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவன் பாய்ந்துபோய் நிறுத்தினான்.

காரணம் இருந்தது. கல்யாணமான இரண்டாவது வருஷம் அண்ணி இரண்டு மாதம் மனநல ஆஸ்பத்திரியில் இருந்தவள். பதினாலு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் அதை "உடம்பு சரியில்லாதப்ப" என்பார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பருப்பு டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை டப்பா இருக்கும். எல்லோருக்கும் தெரியும், யார் கண்ணிலும் படாது.

"யாரு தம்பி இப்படிக் கத்தறது?" என்றாள் அண்ணி.

"விளையாட்டுக்கு அண்ணி. அந்தப் பொம்பளைக்குத் தலைக்குள்ள குரல் கேக்கும், அதுக்காக..." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணி போர்வையைக் கட்டிலில் வைத்தாள். "இப்படிக் கத்தினாத் தேவலையே. யாரோ கத்தறாங்கன்னு காதைப் பொத்திக்கலாம்."

அவன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"அவங்க கத்தறதில்ல தம்பி. சும்மா பேசுவாங்க. பக்கத்து ரூம்ல ரெண்டு பேர் நம்மளப் பத்திப் பேசினா எப்படியிருக்கும், அந்த மாதிரி. பாதி கேக்கும், பாதி கேக்காது. கேக்காத பாதி என்னன்னுதான் மனசு ஓடும். அதுதான் பொல்லாதது."

"எந்தப் பக்கமிருந்து கேக்கும்?" தொழில்புத்தி முந்திக்கொண்டது. கேட்ட பிறகுதான் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அண்ணி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒருத்தர் இடது பக்கம், கொஞ்சம் பின்னால. கோபமே வராது அவருக்கு. 'சட்டியை இறக்கப் போறா, கையைச் சுட்டுக்கப் போறா'ன்னு மேட்ச் வர்ணனை மாதிரி சொல்லிட்டே இருப்பாரு. இன்னொருத்தி இருக்கா. நான் வாயைத் திறந்தாப் போதும், சிரிப்பா."

"இப்பவுமா அண்ணி?"

"மாத்திரையில ரொம்பக் குறைஞ்சிருக்கு. அடியோட போகல. இதோ இப்பக்கூட, 'சொல்லாதே, சொல்லாதே'ங்கறாரு."

வெளியே தூறல் போடுகிறது என்று சொல்வதுபோல் அதைச் சொன்னாள். ஒன்பது வருஷமாக அவள் கையால் சாப்பிடுகிறவன் அவன். தினமும் காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்து, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்குப் போய், நூற்றுக்கணக்கில் போர்வை மடித்துவிட்டு வந்து, "சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கா தம்பி?" என்று கேட்பவள். அந்தக் கேள்விக்கு அவனுக்கு முன்னாலேயே இடது பக்கத்திலிருந்து யாரோ பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"உங்க ஆபீசுக்கு வந்து இதைச் சொல்லட்டுமா?" என்று அவளேதான் கேட்டாள்.

அண்ணன் கொதித்துப் போனார். "வீட்டு விஷயத்தைக் கொண்டுபோய் விளையாட்டாக்கப் போறியாடா?" என்று தம்பியிடம் பாய்ந்தார். அவருக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்த இரண்டு மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலில் பழியாகக் கிடந்தவர் அவர்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேங்க" என்றாள் அண்ணி. "கஷ்டமா இருந்தா உடனே நிறுத்தணும்னாரு. எனக்கு நிறுத்தத் தெரியாதா?" அண்ணன் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்து எழுந்துபோனார்.

அவள் லீவு போட்ட ஒரு நாளில் ஆபீசுக்குப் போனார்கள். அண்ணி பயந்துவிடக் கூடாதென்று பேய்க்காரர் சுவரில் இருந்த அரக்கர் படங்களையெல்லாம் கழற்றிவைத்திருந்தார். அண்ணி அவற்றைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "இதுக்கு ஏழு கையா? ஏழும் ஏழு மாதிரி இருக்கே. எப்படித்தான் தோணிச்சோ" என்றாள். பேய்க்காரர் சின்னப்பிள்ளை மாதிரி பூரித்துப்போனார்.

பிறகு குரல்கள் வரும் கட்டத்தைப் போட்டுக் காட்டினார். குரல் கேட்டதும் சுவரிலிருந்து கரிய உருவங்கள் எழும், விளக்குக்காரி வாளை உருவி வெட்டித் தள்ளுவாள், குரல் அடங்கிவிடும்.

"வெட்டினா போயிடுவாங்களா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆமாங்க."

"அப்ப எனக்கும் ஒரு கத்தி வாங்கிக் குடுங்க."

அண்ணியே முதலில் சிரித்தாள். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்குச் சிரிக்கலாம் என்று தைரியம் வந்தது.

"சரிங்க, நீங்க என்ன செய்வீங்க?" என்றார் பேய்க்காரர்.

"துணி மடிப்பேன். வெள்ளைப் போர்வை. மூலைக்கு மூலை சேரணும். அவசரப்பட்டாக் கோணிக்கும், மறுபடி உதறி ஆரம்பிக்கணும். அவங்க பாட்டுக்குப் பேசட்டும், என் கை பாட்டுக்கு வேலையைப் பாக்கும். பத்துப் பதினஞ்சு போர்வைக்கு அப்புறம் குரல் தள்ளிப் போயிடும். போயே போயிடாது. தள்ளிப் போகும்."

பேய்க்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "வாள் சண்டை விளையாட்டுல துணி மடிக்கறதா? வாங்கறவன் என்னை அடிக்க வருவான்."

அண்ணி மேஜை விரிப்பை எடுத்து உதறினாள். அவள் அவசரமில்லாமல் மடித்ததை அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் பேய்க்காரர் விளக்குக்காரியின் தோளில் ஒரு சால்வையை வரைந்திருந்தார், தொலைந்த மகளுடைய சால்வை. புரோகிராமர்கள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்கள். கையிலிருக்கும் கண்ட்ரோலரில் இரண்டு கட்டைவிரலையும் ஒரே சீராக நகர்த்தினால்தான் சால்வை மடியும். பதறினால் கோணிக்கொள்ளும்.

குரல்களையும் புதிதாகப் பதிவு செய்தார்கள். இடது பக்கத்து மனிதருக்கு, ரயில் நிலையத்தில் அறிவிப்பு வாசிக்கும் ஒருவர் அமைந்தார். அலட்டிக்கொள்ளாத குரல். சிரிக்கிறவளுக்கு மட்டும் யாரும் அமையவில்லை. ஆறு பேர் வந்து சிரித்துவிட்டுப் போனார்கள், ஒன்றும் ஒட்டவில்லை. "நானே சிரிக்கறேன்" என்றாள் அண்ணி.

ஒலிப்பதிவு அறையில் பாதியில் கையை உயர்த்தி நின்றுவிட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிக்காரன் பதிவை அணைத்தான். "நிறுத்திடலாமா அண்ணி?" என்றான் மைக்கில்.

"இருங்க தம்பி. அவ மாதிரி எனக்குச் சிரிக்க வரலைன்னு சிரிக்கறா. முடிக்கட்டும்."

கண்ணை மூடாமல், காதைப் பொத்தாமல், வரிசையில் நிற்பவள்போல் நின்றாள். ஒரு நிமிஷம் இருக்கும். தண்ணீர் குடித்தாள். "சரி, ஓடவிடுங்க" என்றாள். அடுத்து அவள் சிரித்த சிரிப்புதான் விளையாட்டில் இருப்பது. வீரத்தை எப்படியெல்லாம் காட்டலாம் என்று நாலு வருஷமாக அந்த ஆபீசில் மண்டையை உடைத்துக்கொண்டவர்கள், தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேய்க்காரர் எழுந்து நின்றுவிட்டார், ஏன் நின்றோம் என்று அவருக்கே தெரியவில்லை.

அதே பன்னிரண்டு பேரை மறுபடி வரவழைத்தார்கள். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. காது வலிக்கிறது என்ற பெண் மூன்று தடவை வாளை உருவிப் பார்த்து மூன்று தடவையும் செத்தாள். நாலாவது தடவை சால்வையை எடுத்து மெல்ல மடித்தாள். குரல் தள்ளிப் போனதும் ஹெட்போனைக் கழற்றாமலே, "இது யார் யோசனை?" என்றாள்.

விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அண்ணியின் பெயரைப் போடலாமா என்று ஒலிக்காரன் வீட்டில் கேட்டான். அண்ணன் உடனே மறுத்தார். "சொந்தக்காரங்க பாப்பாங்க. இவ வேலை செய்யற இடத்துல பாப்பாங்க. உதவியவர்னு பொதுவாப் போட்டுக்கோ."

அண்ணி குறுக்கே வந்தாள். "அரக்கனுக்கு நகம் வரைஞ்சவர் பேர் இருக்கு. ஆபீசைப் பெருக்கறவங்க பேரும் இருக்குன்னு தம்பி சொன்னாரு. எனக்குக் கேட்டதை நான் சொல்லியிருக்கேன். என் பேரை முழுசாப் போடுங்க தம்பி, இனிஷியலோட." இனிஷியல் அண்ணனுடையது.

விளையாட்டு வெளிவந்து ஓகோவென்று ஓடியது. துணி மடிக்கும் கட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. அண்ணன் மட்டும் மூன்று வாரம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது ஞாயிறு மத்தியானம் மாடியேறி வந்து, "அதை எங்கிட்ட குடு" என்று தம்பியின் கண்ட்ரோலருக்குக் கையை நீட்டினார். டிவி ரிமோட்டிலேயே தடுமாறுகிற மனிதர். முதல் படிக்கட்டிலேயே நாலு தடவை பள்ளத்தில் விழுந்தார். தம்பி உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் குரல்கள் வரும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

கொஞ்ச நேரம் கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அண்ணி துணி காயப்போட மாடிக்கு வந்திருந்தாள்.

"இவ்வளவு பேச்சுக்கு நடுவுலயா நீ தினமும் வேலைக்குப் போயிட்டு வர்றே?" என்றார்.

"தினமும் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை நீங்களும் சேந்து பேசுவீங்க. அன்னிக்குத்தான் சிரமம்."

அண்ணன் சிரிக்கவில்லை. "இப்ப என்ன சொல்றாரு அவரு?"

பதினாலு வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுவே முதல் தடவை. அண்ணி ஈரத் துணியைக் கூடையிலேயே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இப்ப ஒண்ணும் சொல்லல. காலையில கொஞ்ச நேரம் பேசினாரு."

"என்ன பேசினாரு?"

அவள் முதன்முதலில் குரல் கேட்ட நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். ஒலிக்காரன் டீ போடக் கீழே இறங்கிப்போனான். மூன்று கோப்பையோடு திரும்பி வந்தபோது, கல்யாணமான முதல் வருஷத்துக் கதையே இன்னும் முடிந்திருக்கவில்லை.