இடைவெளி விட்டுப் பிறந்தவர்கள்

கருவுற்ற ஆறாம் மாதத்தில் பட்டாணிக்காரி உயரமாக வளரத் தொடங்கினாள். மூன்றாவது முறை கர்ப்பமானவள் வளர்வதாவது என்று தெருவில் சிரித்தார்கள். அவள் கணவன் தையல்காரன்; நாடாவை வைத்து அளந்துவிட்டு, ஆமாம், வளர்கிறாள் என்றான். அவன் எடுத்த அளவு தப்பியதாக யாரும் சொன்னதில்லை என்பதால் பேச்சு அதோடு அடங்கியது.

பட்டாணிக்காரி என்பது வேலையால் வந்த பெயர். ஊருக்கு வெளியே விதை ஆராய்ச்சி நிலையத்துக் கண்ணாடிக் கூடங்களில் பட்டாணிக் காய்களை நகத்தால் பிளந்து, உள்ளே விதைகள் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வாள். ஒரு விதை உருவாகும்போதே பக்கத்தில் வரப்போவதோடு பேசிவிடுகிறது என்று ஆய்வாளர் அம்மா ஆரம்பத்தில் அவளுக்கு விளக்கியிருந்தார். கண்ணுக்குத் தெரியாத புரதத் துணுக்கு ஒன்றை அது வெளியே விடும். இது என் இடம், நீ கொஞ்சம் தள்ளி வா என்பது அதன் பொருள். காயும் அதே பேச்சைக் கேட்டுத்தான் நீள்கிறது. முதல் கூடத்துச் செடிகளில் அந்தப் பேச்சை அடைத்துவிட்டிருந்தார்கள். அங்கே காய்கள் குட்டையாக இருந்தன, விதைகள் ஒன்றையொன்று நசுக்கிக்கொண்டு கிடந்தன, நடுவில் மாட்டியது கறுத்துப்போயிருந்தது. இரண்டாம் கூடத்தில் பேச்சைக் கூட்டியிருந்தார்கள். அங்கே காய்கள் கைநீளம் வளர்ந்தன.

ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டிருந்தன. இந்த முறை இரட்டை என்றதும் தையல்காரன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு அழுதான். ஆனால் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து பேசுகிற டாக்டரிடமிருந்து நல்ல செய்தி வராது என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டும் ஒரே பைக்குள்ள இருக்கும்மா. நடுவுல தடுப்பே இல்ல. ஒண்ணோட தொப்புள்கொடி இன்னொண்ணைச் சுத்தியிருக்கு."

"எடுத்துவிட முடியாதா டாக்டர்?"

"கைவிட்டு எடுக்கற எடமா அது? பாத்துக்கிட்டுத்தான் இருக்கணும்."

பார்த்துக்கொண்டே இருப்பது எப்படி என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் முதல் கூடத்தில் ஒரு காயைப் பிளந்தவள் நடுவில் கறுத்துக் கிடந்ததைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு வெளியே ஓடினாள். பிறகு ஆய்வாளர் அம்மாவின் அறைக்குப் போய், அந்தத் தள்ளிவைக்கிற சத்தில் ஒரு சொட்டு வேண்டும் என்று கேட்டாள்.

"பைத்தியமா உனக்கு? அது செடியோட பேச்சு. நம்ம ஒடம்புல அதைக் கேக்கற காது கெடையாது."

"காது இல்லாட்டிப் போகுது, வயிறு இருக்குல்ல அம்மா."

ஆய்வாளர் அம்மா கையை விரித்துவிட்டார். பட்டாணிக்காரி அன்றிலிருந்து இரண்டாம் கூடத்துக் காய்களைத் தோலோடு பச்சையாகத் தின்ன ஆரம்பித்தாள். குமட்டியபோதும் தின்றாள், வாந்தியெடுத்துவிட்டு வந்து தின்றாள். பாத்தி மொட்டையானதைக் கண்டு கத்திக்கொண்டு வந்த ஆய்வாளர் அம்மா, வாய் நிறைய மென்றபடி அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்குப் பின் அந்தக் கூடத்துக் கதவு பூட்டப்படவே இல்லை.

வயிறு முன்னால் தள்ளவில்லை. மேலும் கீழுமாக நீண்டது, அதோடு அவளும் நீண்டாள். இரவெல்லாம் எலும்புகள் புதுச் செருப்புப்போல் கிரீச்சிட்டன. தையல்காரன் அவள் உடைகளின் மடிப்புகளைப் பிரித்துவிட்டான், மடிப்பு தீர்ந்ததும் வேறு துணியை ஒட்டுப்போட்டான், கட்டிலோடு கடைப் பலகையைச் சேர்த்துப் போட்டான். மாமியார் வாசற்படியில் நின்று, "பிள்ளை வளரணும்னு பாத்தா இவ வளர்றாளே" என்று தலையில் அடித்துக்கொண்டாள். எட்டாம் மாதம் டாக்டர் படத்தைப் பார்த்தார், இயந்திரத்தைத் தட்டினார், வேறு இயந்திரத்தைக் கொண்டுவரச் சொன்னார். அதிலும் அப்படியேதான் தெரிந்தது: ஒன்று அடிவயிற்றில், ஒன்று விலா எலும்புக்குக் கீழே, கொடிகள் இரண்டும் சிக்கலில்லாமல்.

பெரியவள் ஒரு காலையில் பிறந்தாள். சின்னவள் தூரத்திலிருந்து வர வேண்டியிருந்ததால் மறுநாள் சாயங்காலம் பிறந்தாள். இரண்டும் வீறிட்டு அழுதன. தாதி இருவரையும் ஒரே தொட்டிலில் போட்டுவிட்டுத் துண்டு எடுக்கத் திரும்பிய நேரத்துக்குள் தொட்டில் நீளவாக்கில் விரிசல்விட்டது.

குழந்தைகளுக்கு நடுவே தாயின் ஒரு கைநீள இடைவெளி எப்போதும் கிடந்தது. நெருக்கிப் படுக்கவைத்தால் படுக்கை விரிப்போடு நகர்ந்துபோயின. பேசிக்கொள்ளும் வயது வருமுன்பே ஒன்றையொன்று பார்த்துக் கைநீட்டி அழுதன. நீட்டிய அளவுக்குப் பின்னால் போயின. அந்த அழுகையைத் தாங்க மாட்டாமல் ஒருநாள் பட்டாணிக்காரி இருவரையும் சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினாள். இரண்டு முகமும் கறுத்து வந்தன. முடிச்சு அவிழாமல் பல்லால் கிழித்தாள். மூச்சு திரும்பியபோது சின்னவள் ஒரு சுவரோரமும் பெரியவள் எதிர்ச்சுவரோரமும் கிடந்தார்கள். நடுவில் தரையில் விழுந்து, தான் தின்ற ஒவ்வொரு காயையும் சொல்லிச் சொல்லி அவள் அழுதாள். தையல்காரன் அவளைத் தூக்கி உட்காரவைத்தான். "ரெண்டும் மூச்சு விடுதுடி, கேளு" என்றான். அவள் கேட்டாள். பிறகு இரண்டு கைகளையும் விரித்தாள். வளர்ந்த உடம்புக்கு வளர்ந்த கைகள். ஒரு பக்கம் ஒருத்தியும் மறுபக்கம் இன்னொருத்தியும் அவற்றில் வந்து சேர்ந்தார்கள். அப்படியே இருவருக்கும் பால் கொடுத்தாள்.

இப்போது இரண்டு பெண்களும் வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வளர வளர இடைவெளியும் வளர்ந்துவிட்டதால் தெருவின் இரண்டு ஓரங்களில் நடக்கிறார்கள். உரக்கப் பேசிக்கொண்டே போவதால் அவர்களுடைய சண்டைகளும் காதல்களும் எல்லோருக்கும் மனப்பாடம். அவர்களுக்குக் குறுக்கே கடக்க நேர்கிறவர்கள், கொடியில் காயும் துணிக்கு அடியில் நுழைவதுபோல், தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு போகிறார்கள்.