பாதிச் சுரைக்காய்

அந்தத் தெருவில் கோடை முழுக்கச் சுரைக்காயைத் துண்டு போட்டு விற்க மாட்டார்கள். வெட்டி வைத்த காய் மத்தியானத்துக்குள் கொழகொழத்துவிடும். ஒற்றை ஆளுக்குச் சமைக்கும் தனியாள் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஓரமாக நிற்க வேண்டும். இன்னொரு தனியாள் வந்ததும் காய்க்காரர் ஒரே வெட்டில் இரண்டாக்கி ஆளுக்கொரு பாதி கொடுப்பார்.

மலையூரிலிருந்து இங்கே மாற்றலாகி வந்த புதிதில் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. மலையில் இருந்தபோது செய்ததுபோல ஒரு முட்டைக்கோஸை வாங்கிச் சமையலறை மூலையில் உருட்டிவிட்டாள். அந்தக் குளிரில் பத்து நாள் அப்படியே கிடக்கும். இங்கே மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "எலி ஏதாவது செத்துக் கிடக்குதாம்மா?" என்று கேட்டார்.

ஜாடியில் உப்பு கசிந்தது. துவைத்த துணி இரண்டு நாளானாலும் ஈர வாடை அடித்தது. ஆஸ்பத்திரியில் அவள் எக்ஸ்ரே எடுக்கும் அறை மட்டும் குளுகுளுவென்றிருக்கும். "ஏசி மெஷினுக்குத்தான், உனக்கில்ல. ஷிஃப்ட் முடிஞ்சா கிளம்பு" என்பார் தலைமை நர்ஸ்.

மூன்று மாதமாக அவளோடு சுரைக்காயைப் பங்கு போட்டுக்கொள்பவர் எதிர்வரிசைத் தையல்கார அக்கா. கழுத்தில் இஞ்சு டேப்போடுதான் காய் வாங்க வருவார். பெயர் கேட்கவில்லை, 'எக்ஸ்ரே' என்றே கூப்பிடுவார். வெட்டியதும் இருவரும் பிரிந்துபோவார்கள். ஒரு நாளில் அவள் வேலைக்கு வெளியே பேசும் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான்.

கணவனுக்கு மலைமேல் ஒரு பேங்கில் வேலை. கல்யாணமான ஆறாம் மாதம் அவளுக்கு மாற்றல் வந்தது. இங்குள்ள கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் வருவதாக அவன் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை காலை அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "அண்ணே, முழுசாவே குடுங்க."

"அப்படிப் போடு! வீட்டுக்காரர் வர்றாரா?" என்றார் காய்க்காரர்.

பக்கத்தில் காத்திருந்த அக்கா சிரித்தார். "என் பங்கைச் சாப்பிட மகராசன் வந்தாச்சு. போ எக்ஸ்ரே, நான் வெண்டைக்காய் வாங்கிக்கிறேன்."

வீட்டுக்கு வந்து பாதியை நறுக்கி முடித்தபோது போன் அடித்தது.

"பஸ் ஏறிட்டீங்களா?"

"இல்ல. போன தடவை ஒரே நாள்தான் இருந்தேன், முதுகெல்லாம் வேர்க்குரு. என்னால முடியாதும்மா."

"எழுதிக் குடுத்தீங்களா, இல்லையா?"

"குடுக்கல. நீ வேலையை விட்டுட்டு வந்துடேன். அந்த வேக்காட்டுல எப்படித்தான் இருக்கியோ!"

"எனக்குப் பழகிடுச்சு" என்றாள். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. "நான் வரலைங்க."

"கோபமா?"

"கோபமில்ல. காய் கெட்டுப்போயிடும், வச்சிடறேன்."

போனை அடுப்பு மேடையில் வைத்தாள். முகத்தில் வழிந்ததைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். வியர்வை என்றே வைத்துக்கொள்ளலாம், யார் பார்த்தார்கள்? பிறகு நறுக்காத பாதியை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

அவளைக் கண்டதும் அக்காவின் தையல் மெஷின் நின்றது. அக்கா ஈரத்துணியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார்.

"பஸ் லேட்டா?"

"பஸ் வந்திருக்கும்கா. அவர்தான் ஏறல."

அக்கா ஸ்டூலில் இருந்த துணிகளை அள்ளி மடியில் போட்டுக்கொண்டு, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் உக்காரு. நானும் இன்னும் உலை வைக்கல."

திங்கட்கிழமை காலை காய்க்காரர் கத்தியை எடுத்துக்கொண்டு, "முழுசா, பாதியா?" என்று கேட்டார்.

அவள் ஓரமாகத் தள்ளி நின்று தெருமுனையைப் பார்த்தாள்.

"பாதிதாண்ணே. அக்கா வரட்டும்."