கையகலப் பளபளப்பு

பாலிஷ்காரருக்கு ஒரே தங்கை. அவள் புருஷன் பெரிய அலுவலகம் ஒன்றில் மேலாளர். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அந்த மனிதர் வெளி ஆட்கள் முன்னால் தன் மச்சானை மச்சான் என்று ஒருநாளும் சொன்னதில்லை. வாசலில் யாராவது இருந்தால், "நம்ம வண்டி வேலைக்கு வர்ற ஆளு" என்று கையைக் காட்டுவார். பாலிஷ்காரரும் பல்லைக் காட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் பொருமித் தீர்ப்பார். நாலு பேர் முன்னால் ஒரே ஒரு தடவை வாய் நிறைய மச்சான் என்று கூப்பிடமாட்டாரா என்ற ஆசை மட்டும் அவரை விடவில்லை. மானங்கெட்ட ஆசைதான், என்ன செய்வது?

மேலாளரின் காருக்கு அலுமினியச் சக்கரங்கள். மேற்பூச்சு எதுவும் இல்லாத வெறும் அலுமினியம் என்பதால் கொஞ்சம் அசந்தால் மங்கிவிடும். பாலிஷ்காரர் மாதாமாதம் வந்து, குனிந்தால் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்துவிட்டுப் போவார். மேலாளர் அதைப் பார்த்துத் தலை வாரிக்கொள்ளாத குறை.

அப்போதுதான் அலுவலகத்துக்குப் புது இயக்குநர் வந்தார். வந்ததும் வராததுமாக எளிமை, எளிமை என்று பிடித்துக்கொண்டார். தினமும் சைக்கிளில்தான் வருவார். அவருடைய பையையும் சாப்பாட்டையும் சுமந்துகொண்டு அவர் கார் பின்னாலேயே ஊர்ந்து வரும். திங்கட்கிழமை காலை ஒவ்வொருவர் வண்டியிலும் ஆடம்பரம் இருக்கிறதா என்று நேரில் பார்க்கப்போவதாகச் சுற்றறிக்கை விட்டார். துணை இயக்குநர் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் வாரமும் அதுதான். மேலாளருக்குத் தன் சக்கரங்களின் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, உடனே வா. சக்கரம் பளபளன்னு இருக்காம். இவரு நேத்திலேருந்து சாப்பிடலை."

"அப்படி இருக்கணும்னுதானே மாசாமாசம் வர்றேன்?"

"இப்போ இருக்கக்கூடாதாம்ணே."

போய்ப் பார்த்தால், மேலாளர் ஒரு வாளி நிறையச் சேறு குழைத்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"மச்சான், இதை அப்பிவிட்டாப் போதும்ல?" சுற்றுச்சுவருக்கு உள்ளே அந்த வார்த்தைக்குத் தடை இல்லை.

பாலிஷ்காரருக்குச் சுரீரென்றது. "சேறா? நான் கை வெச்ச சக்கரத்துக்கா? மங்கணும்னா முறையா மங்க வைக்கிறேன், மாப்பிள்ளை. தள்ளுங்க."

ஜாக்கி வைத்துச் சக்கரங்களைக் கழற்றினார். சோப்புத் தண்ணீரில் கழுவினார். தேய்க்கிற நாரை அதே தண்ணீரில் முக்கி, வட்டமாக, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில் தேய்த்துக்கொண்டே போனார். நடுவில் கை நின்றால் அங்கே திட்டு விழும். கம்பிகளின் இடுக்கில் உப்புத்தாளை விரலில் சுற்றிக்கொண்டு நுழைந்தார். கன்னாபின்னாவென்று கீறிப் போட்டுவிட்டு மத்தியானமே கிளம்பியிருக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை. பாழாய்ப்போன கை கேட்கவில்லை. நாலாவது சக்கரத்தில் தன் முகம் மெல்ல மறைந்தபோது அவருக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. சாயங்காலம் நாலு சக்கரமும் காய்ச்சிய பாலின் ஆடை மாதிரி ஒரே சீராக மங்கியிருந்தன.

"எதுக்கும் நாளைக்கு நீங்களும் வாங்க" என்றார் மேலாளர். "யாராவது கேட்டா டிரைவர்னு சொல்லிக்கலாம்."

திங்கட்கிழமை வாகன நிறுத்தத்தில் மேலாளருடையதைத் தவிரச் சேறு பூசாத கார் இல்லை. ஒருவர் தன் கார்க் கண்ணாடியைத் தானே உடைத்துவிட்டு வந்திருந்தார். இயக்குநர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையாட்டியபடி வந்தவர், மேலாளரின் கார் அருகே அப்படியே நின்றுவிட்டார்.

"எளிமையா இருங்கன்னு சொன்னா, புதுச் சக்கரம் வாங்கி மாட்டியிருக்கீங்களே! வெளிநாட்டுச் சரக்கா?"

"ஐயோ, பழசுதான் சார். தேய்ச்சு மங்க வெச்சது."

"மங்க வைக்கிறதுக்குன்னே ஒரு ஆளா? எளிமைக்கு வேலையாள் வெச்ச முதல் மனுஷன் நீங்கதான்!"

மேலாளரின் முகம் வெளுத்துவிட்டது. துணை இயக்குநர் நாற்காலி கண்ணெதிரே நழுவிக்கொண்டிருந்தது.

"ஆள் இல்ல சார்! என் மச்சான் சார்! என் பொண்டாட்டி கூடப்பொறந்த அண்ணன்! வீட்டு மனுஷன் சார்!"

வாகன நிறுத்தம் முழுக்கக் கேட்டது. பாலிஷ்காரர் சுற்றி நின்றவர்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

"பழசுதான்னு எப்படி நம்புறது?" என்றார் இயக்குநர்.

பாலிஷ்காரர் பையிலிருந்து பாலிஷ் டப்பாவையும் துணியையும் எடுத்து முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். கால் மணி நேரத் தேய்ப்பில் ஒரு கையகல இடம் பளீரென்று விழித்துக்கொண்டது. இயக்குநர் குனிந்தார். தன் முகத்தைப் பார்த்தார். மீசையை ஒரு தடவை நீவிக்கொண்டார்.

"அற்புதம்! ஆடம்பரம் இது, எளிமை இது. ரெண்டும் ஒரே சக்கரத்துல! இந்த இடம் இப்படியே இருக்கணும். எல்லாரும் பாத்துப் பாடம் படிக்கட்டும். மங்காமப் பாத்துக்க வேண்டியது உங்க பொறுப்பு. வெளியாள் யாரும் தொடக்கூடாது" என்றார் மேலாளரிடம்.

அந்த வாரமே மேலாளர் துணை இயக்குநர் ஆனார். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் சக்கரங்களையும் அதேபோல மங்கவைக்கச் சொல்லி வரிசையில் நின்றார்கள். முதல் வண்டி இயக்குநருடையது.

ஆனால் வெறும் அலுமினியம் உத்தரவுக்குக் கட்டுப்படுமா? அந்தக் கையகல இடமும் மாதம் ஒருமுறை மங்கத்தான் செய்தது. மாதாமாதம் பாலிஷ்காரர் வந்து, தெருவோரம் நின்ற காரின் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார். "ஏன் சார், இந்த இடம் மட்டும் மின்னுது?" என்று தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். கூலி ஆள் என்று சொன்னால் எளிமை போய்விடும், எளிமை போனால் பதவியும் போய்விடும். அதனால் துணை இயக்குநர் ஒவ்வொருவரிடமும், "இவர் என் மச்சான்ங்க" என்று விலாவாரியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

தேய்ப்பது கால் மணி நேர வேலைதான். ஆனாலும் பாலிஷ்காரர் காலையிலேயே வந்து சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். தெருவில் யாராவது வருகிறவரைக்கும் டப்பாவைத் திறக்கமாட்டார்.