கத்தரீனாளின் ஓலை

“ஆபிரகாமுக்கு ரெண்டு பிள்ளைக இருந்தாக. பெறகு ஈசாக்கை மட்டும் எப்படி சார் ‘ஒரேபேறானவன்’னு எழுதியிருக்கு?”

“கிரேக்கத்துல அது ‘மோனோகெனேஸ்’. தலைய எண்ணிச் சொல்லுத வார்த்தை இல்ல தாயி. இவனப் போல இன்னொருத்தன் கெடையாதுன்னு அர்த்தம். நானா இருந்தா ‘நிகரில்லாத’ன்னு போட்டிருப்பேன்.”

“அப்ப மூத்தவன் இஸ்மவேலு?”

செல்லத்துரை கத்தரீனாளின் கையிலிருந்த பைபிளை வாங்கி மூடிவைத்தார். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாட்டுப்பட்டி எஸ்டேட் பள்ளிக்கூடத்து வாத்தியாரும் அவர்தான், கோயில் உபதேசியாரும் அவர்தான். அவளைப் பெற்ற பாஸ்கல் காய்ச்சலில் இறந்த பிறகு, மனைவியை இழந்திருந்த செல்லத்துரை அவள் அம்மாவை மணந்துகொண்டார். பள்ளியில் கூப்பிட்ட ‘சார்’ வீட்டிலும் நிலைத்துவிட்டது.

பத்து வருடமாகியும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. காலையிலிருந்து அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். மேசையில் அவளுடைய கல்யாண அறிவிப்பு ஓலை கிடந்தது. நாளை தொடங்கி மூன்று ஞாயிறு மூணாறு கோயிலில் வாசிப்பார்கள். ‘காலஞ்சென்ற பாஸ்கலின் மகள்’ என்று சாரின் குண்டெழுத்து. போன வருடம் அவருடைய மூத்த தாரத்து மகள் சொர்ணபாய்க்கு இதே கை ‘செல்லத்துரையின் ஏக புத்திரி’ என்று எழுதியிருந்தது. அதைக் கோயிலில் வாசித்தபோது கத்தரீனாள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஓலையைக் கொடுக்க செல்லத்துரை மூணாறு போகவிருந்த தேயிலை லாரி கீழே ஹாரன் அடித்தது.

“சட்டைப் பித்தானைத் தேடியே லாரிய விட்டுருவாக ஒங்க சாரு,” என்றாள் அம்மா.

“பித்தான் இல்லன்னா பாதிரி ஐயரு ஓலைய வாங்க மாட்டாரோ?” செல்லத்துரை காகிதத்தை மடித்தார்.

“சார், அதுல பேரு…”

“ஏன், பிழையா இருக்கா?”

“இல்ல.”

“பாஸ்கல் எனக்குச் சிநேகிதன். செத்தவன் எடத்த நான் பிடிச்சுக்கிடலாமா? அதான் அவன் பேர எழுதினேன்.”

அவர் படியிறங்கிப் போனார். லாரி உறுமியது. கத்தரீனாள் செருப்பில்லாமல் சரிவில் ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன வாத்தியாரே, மாப்பிள்ளைய மாத்தச் சொல்லுதாளா?” என்றார் டிரைவர்.

செல்லத்துரை சிரிக்கவில்லை. அவளுடைய ஈரக் கால்களையே பார்த்தார்.

“சொர்ணக்காவுக்கு எழுதினது அப்படியே இருக்கட்டும்,” என்றாள். மூச்சு வாங்கியது. “செத்துப்போனவுக பேரும் இருக்கட்டும். பக்கத்துல ஒங்க பேரையும் போடுங்க. நானும் ஒங்க மகள்னு எழுதுங்க, அப்பா.”